14 மணி நேர வேலையை அம்பேத்கர் 8 மணி நேரமாக்கினாரா?

மே தினம் வந்தால் தவறாமல் சுற்றும் பதிவு இது: "1942 நவம்பரில் அம்பேத்கர் ஒரே கையெழுத்தில் 14 மணி நேர வேலையை 8 ஆக்கினார்." பாதிதான் சரி.

1942இல் இந்தியத் தொழிற்சாலைகளில் 14 மணி நேரம் சட்டப்படி அனுமதிக்கப்படவே இல்லை. 1922இலேயே நாளுக்கு 11, வாரத்துக்கு 60 மணி என்று உச்சவரம்பு வந்துவிட்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு அதை நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி என்று குறைத்தது. ஏட்டில் இருந்ததெல்லாம் நடந்ததா என்றால், அது வேறு கதை.

அம்பேத்கரின் பங்கு பொய்யல்ல. வைசிராய் நிர்வாகக் குழுவில் (பிரிட்டிஷ் இந்தியாவின் அமைச்சரவை போன்றது) தொழிலாளர் துறை உறுப்பினராக, வாரத்துக்கு 48 மணி என்ற திருத்த மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர் அவர்தான். அதாவது 54லிருந்து 48. ஆறு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 8 வரும். ஆனால் சட்டம் வைத்த தினசரி உச்சவரம்பு 9. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் இதே 9, 48 கணக்கையே வைத்துக்கொண்டது.

இந்தப் பதிவு மறைப்பது இன்னொன்று. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் ஆலைத் தொழிலாளர் 12 பேர் இறந்தபின், 1937இலேயே 8 மணி நேர வேலை சட்டமாகிவிட்டது.