பாக்டீரியா குரோமியத்தைத் தின்று தீர்ப்பதில்லை
"சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைக் கலந்து ஊற்றினால், தோல் தொழிற்சாலைக் கழிவு சேர்ந்த ராணிப்பேட்டை நிலங்களில் உள்ள குரோமியத்தை அது தின்றுவிடும்" என்று சிலர் சொல்வது தவறு. குரோமியம் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரியாலும் அதை அழிக்க முடியாது. சில பாக்டீரியாக்கள் செய்வது வேறு வேலை. நீரில் கரைந்து வேருக்குள் எளிதில் ஏறும், நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தை, மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும் மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றுகின்றன. பயிருக்குள் போவது குறையலாம்; உலோகம் மண்ணிலேயேதான் கிடக்கும். மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் அதில் ஒரு பகுதி பழைய நச்சு வடிவத்துக்கே திரும்பவும் கூடும். இன்னொரு ஆபத்தும் உண்டு: அமிலம் சுரக்கும் சில நுண்ணுயிரிகள் மண்ணில் உள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தைக் கரைத்து வேருக்குக் கூடுதலாகவே கொடுத்துவிடும். வாடல் நோய்க்கென்று கடையில் வாங்கும் சூடோமோனாஸ் பொட்டலத்தை நம்பி, கழிவுநீர் பாய்ந்த வயலில் கீரை விதைத்துவிடாதீர்கள். முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்; விளைந்த கீரையையும் கொடுங்கள்.