கம்பம் ஏறத் தெரிந்தால் மின்வேலை தெரியும் என்று ஆகிவிடுமா?

புயல் ஓய்ந்த மறுநாள் மின்கம்பத்தின் உச்சியில் நின்று வேலை செய்பவர்களில் பலர், அந்த வேலைக்கென்று எடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2021-இல் தமிழ்நாடு மின்வாரியத்தில் ஏறத்தாழ 9,600 பேர் கேங்மேன்களாகப் பணியில் சேர்ந்தார்கள். ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சியும், கம்பம் ஏறுவது போன்ற உடல்தகுதித் தேர்வுமே அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டன. குழி தோண்டுவதும் கம்பம் நடுவதும் கம்பி இழுப்பதுமே அவர்களுக்கான வேலை. ஆனால் வயர்மேன் பணியிடங்கள் காலியாகவே கிடக்கும் பிரிவு அலுவலகங்களில், ஃபியூஸ் போடுவதிலிருந்து லைனில் பழுது பார்ப்பது வரை எல்லாவற்றுக்கும் அவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையுமே அனுப்புகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றன. மின்சாரம் தாக்கிக் கேங்மேன் பலி என்ற செய்தியும் ஓய்ந்தபாடில்லை.

கூட இருந்து பார்த்தாலே பழகிவிடும் என்று சொல்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். லைனில் கை வைப்பதற்கு முன் எல்.சி. (லைன் கிளியர்), அதாவது அந்த லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது, வேலை செய்யலாம் என்ற அனுமதி வாங்க வேண்டும், லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்தபின் அதன் மூன்று பிளேடுகளும் உண்மையிலேயே விலகியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும், ஏனென்றால் துருவேறிய சுவிட்சில் கைப்பிடி இறங்கியும் ஒரு பிளேடு ஒட்டிக்கொண்டே நிற்கலாம். அடுத்து, லைனில் எதிர்பாராமல் வரும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்திவிடும் எர்த் ராடு. அதன் வயரை முதலில் தரையில் இணைத்துவிட்டுத்தான் மேலே கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது இதற்கு நேர்மாறாக. அதுவும் வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் மாட்ட வேண்டும். ஏனெனில், யாரோ ஒருவர் வீட்டிலோ கடையிலோ முறையான சேஞ்ச் ஓவர் (லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஓடும் ஜெனரேட்டரின் மின்சாரம், லைனுக்குள் திரும்பி வந்து, டிரான்ஸ்ஃபார்மர் வழியே உயர்அழுத்தமாகவே மேலேறிவிடக்கூடும். பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு ராடு மாட்டுவது தெரியும், அதை ஏன் இரு பக்கமும் மாட்டுகிறார்கள் என்பது தெரியாது. காரணம் தெரியாதவர், நேரமில்லாத நாளில் ஒரு பக்கத்தை விட்டுவிடுவார். மேலதிகாரியிடமிருந்து போன் மேல் போன் வரும்போது இரண்டையுமே விட்டுவிடுவார்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள், 2010-இலும் சரி, 2023-இல் புதிதாக வெளியிடப்பட்டபோதும் சரி, தகுதியும் பயிற்சியும் உள்ளவர்களையே இத்தகைய வேலைகளில் ஈடுபடுத்தச் சொல்கின்றன. எனக்கு மிகவும் கோபமூட்டுவது விபத்துக்குப் பிறகு நடப்பதுதான். கம்பத்தில் ஏறு என்பது வாய்மொழி உத்தரவு. அதற்கு எழுத்து இருக்காது. ஆள் இறந்தபின், யாரும் சொல்லாமல் அவராகவே ஏறினார், கவனக்குறைவாக இருந்தார் என்ற பேச்சு எழுகிறது. தற்காலிகப் பணியில் இருப்பவர், ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்குபவர், "எனக்கு இது தெரியாது சார், நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர முடியுமா?

ஆகவே காலியிடங்களை நிரப்புவது ஒருபுறம் நடக்கட்டும். அதுவரை, ஒவ்வொரு கோட்டத்திலும் மின்சாரம் இல்லாத பயிற்சி லைன் ஒன்றை அமைத்து, அதில் தேறியவரைத் தவிர வேறு யாரையும் மேலே அனுப்பக்கூடாது. யாரை, எந்த லைனில், யார் ஏறச் சொன்னார் என்பது வேலை தொடங்கும் முன்பே கையெழுத்தோடு பதிவாக வேண்டும். அப்படிக் கையெழுத்திட்டவர் வேலை முடியும்வரை அந்தக் கம்பத்தடியிலேயே நிற்க வேண்டும்.