சனி எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி, திருநள்ளாற்றில் என்றைக்கு விழா என்பது வேறு கேள்வி

2023ஆம் ஆண்டில் சனிப்பெயர்ச்சி இரண்டு தடவை வந்தது. வானில் தெரியும் நிலைக்கு ஒத்துக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17, பழைய சொற்சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. அதற்கு முந்தைய பெயர்ச்சியும் இப்படித்தான்: திருக்கணிதத்தில் 2020 ஜனவரி 24, வாக்கியத்தில் அதே ஆண்டு டிசம்பர் 27. 2025 மார்ச் 29 நெருங்கியபோது திருநள்ளாறு கோயில் நிர்வாகம், தாங்கள் வாக்கிய முறையைப் பின்பற்றுவதாகவும் தங்களுக்குப் பெயர்ச்சி 2026ல்தான் என்றும் அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே சண்டை. இரண்டுமே மூடநம்பிக்கை, அரசு எதற்குப் பந்தல் போடுகிறது என்பார் ஒருவர். முன்னோர் கணக்கில் கை வைக்காதே என்பார் இன்னொருவர். நாட்டுக்கே ஒரே பஞ்சாங்கம் என்று சட்டம் போட்டால் தொல்லை தீரும் என்பார் மூன்றாமவர். இந்த மூன்றாமவரின் பேச்சுதான் எனக்குக் கவலை தருகிறது.

கோள் எங்கே இருக்கிறது என்பதை வானியல் சொல்ல வேண்டும். எந்த நாளில் என்ன செய்வது என்பதை அந்தந்தச் சமயத்தார் முடிவு செய்ய வேண்டும். எந்த நாளில் அலுவலகத்துக்குப் பூட்டு, எத்தனை பேருந்து, எத்தனை போலீஸ் என்பதை அரசு பார்க்க வேண்டும். ஒருவர் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்ட இடத்திலெல்லாம் நம் நாட்காட்டியில் குழப்பம்தான் மிஞ்சியது.

முதலில் வானம். வாக்கியப்படி சனி கும்ப ராசிக்குள் நுழைந்த 2023 டிசம்பர் 20 மாலை, அது உண்மையில் ஏறக்குறைய 8 பாகை உள்ளே போயிருந்தது. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. முழுநிலவின் குறுக்களவு அரைப் பாகை. ஆக, வாக்கியக் கணக்கு சொல்லும் இடத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் சனிக்கும் நடுவில் 16 நிலாக்களை வரிசையாக வைக்கலாம். தொலைநோக்கி தேவையில்லை, மொட்டை மாடி போதும். இதில் நம்பிக்கைக்கு வேலையே இல்லை. சனியின் சராசரி வேகத்தில் இருந்த சிறு பிழை நூற்றாண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வியாழனும் சனியும் ஒன்றையொன்று இழுப்பதால் வரும் மாறுதலும் பழைய கணக்கில் கிடையாது.

ஆனால் வாக்கியத்தைக் கேலி செய்கிறவர்கள் அது என்ன என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். நிலவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. நிலவு பூமிக்கு அண்மையில் வந்து, விலகிப் போய், மறுபடி அண்மைக்கு வரும் சுற்று 9 முடிந்தால் 248 நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொல். கடபயாதி முறையில் எழுத்தை எண்ணாக்கினால் அந்த நாளின் நிலவு நிலை கிடைக்கும். ஏடு கூட வேண்டாம், மனப்பாடம்தான். ஜான் வாரன் என்ற அதிகாரி 1825ல் பதிப்பித்த நூலில், புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து அந்த ஆண்டு மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்த விதம் பதிவாகியிருக்கிறது. தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். பிழை அவ்வளவுதான். சோழியும் ஞாபகமும் மட்டும் வைத்துச் செய்த கணக்கு அது!

கிரகணத்தில் இவ்வளவு நெருங்கி வந்த கணக்கு, பாதி நிலவு தெரியும் அஷ்டமியில் ஏன் தடுமாறுகிறது? விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பழைய முறை நிலவின் வேக ஏற்ற இறக்கத்துக்கு ஒரே திருத்தம் போட்டது, அதிகபட்சம் 5 பாகை. உண்மையில் நிலவைச் சூரியனும் இழுப்பதால் அந்தத் திருத்தம் மாறிக்கொண்டே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியில் அது 5 பாகைக்குப் பக்கத்தில் நிற்கும். பாதி நிலவு தெரியும் நாட்களில் 7½ பாகை வரை போகும். கிரகணம் அமாவாசை, பௌர்ணமியில் மட்டுமே நடக்கும். கிரகணத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கணக்கு அந்த இரண்டு நாளிலும் நன்றாகப் பொருந்தியது, நடுவில் விட்டுப்போனது. திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே 12 பாகை விலக எடுக்கும் நேரம். இரண்டரைப் பாகை தவறினால் திதி முடியும் நேரம் 5 மணி நேரம் வரை தள்ளிப்போகும். கிருஷ்ண ஜயந்தி அடிக்கடி இரண்டு நாளாக வருவதற்குச் சம்பிரதாய விதிகளோடு இதுவும் ஒரு காரணம். அது அஷ்டமி அல்லவா.

பஞ்சாங்கக்காரர்கள் நடுவே ஒரு சூத்திரம் உண்டு: பாண விருத்தி, ரஸ க்ஷயம். பாணம் 5, ரஸம் 6. அதாவது ஒரு திதி 60 நாழிகைக்கு மேல் 5 கூடும், கீழே 6 குறையும். 65க்கும் 54க்கும் நடுவில் நிற்கும். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்று வைத்தால் 26 மணிக்கும் 21 மணி 36 நிமிடத்துக்கும் நடுவில். உண்மையான நிலவோ 20 மணிக்குள்ளும் ஒரு திதியை முடிக்கும், 26¾ மணி வரையும் இழுக்கும். திருக்கணிதக்காரர்கள் இதற்கு ஸப்த விருத்தி, தச க்ஷயம் என்று வேறு அளவு வைத்திருக்கிறார்கள்: 7 கூடும், 10 குறையும். முதல் சூத்திரம் ஒரு கணக்கு முறையின் விளைவு. அதைத் தர்ம சாஸ்திரமே விதித்த எல்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். கணக்கின் குறையை வேதத்தின் கட்டளையாக்குவது சமயத்துக்கும் நல்லதில்லை. ஏனென்றால் சம்பிரதாயமே கணக்கைத் திருத்தச் சொன்னது. கேரளத்தில் பாரதப்புழைக் கரையில் வாழ்ந்த வானியலாளர் பரமேச்வரர் 50 ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கு பொருந்தவில்லை என்று 1431ல் திருக்கணிதத்தை வகுத்தார். திருஷ்டிக்கு, அதாவது கண்ணால் காண்பதற்கு, ஒத்த கணிதம் என்பதுதான் பெயரே. சென்னையில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி அந்த வழியில் வந்தவர். நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்து, 1867ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பல இந்திய மொழிகளில் விளக்கி எழுதினார். அதே மனிதர்தான் திருக்கணிதப் பஞ்சாங்கமும் போட்டார். ஆய்வகமும் ஆசாரமும் ஒரே ஆளிடம் சண்டையின்றி இருந்திருக்கின்றன, எது எதன் வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்.

இனி அறிவியல் வாயைத் திறக்கக் கூடாத இடம். சூரியன் மேஷத்தில் நுழையும் கணம் ஒன்றுதான். ஆனால் மாதம் என்றைக்குப் பிறக்கிறது? தமிழ்நாட்டு வழக்கில் சூரியன் மறைவதற்குள் அந்த நுழைவு, அதாவது சங்கராந்தி, வந்தால் அன்றே மாதம் 1ஆம் தேதி. கேரளத்தில் பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், ஏறக்குறைய பிற்பகல் 1.12க்குள் வர வேண்டும். வங்காளத்தில் நள்ளிரவு எல்லை. நம் சித்திரை 1 ஒரு நாளும் விஷு மறுநாளும் வருவது இதனால்தான். இதில் எது சரி என்று எந்த வானியலாளராலும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். வழக்கம்தான் பதில்.

1952ல் மத்திய அரசு நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைத்தது. தலைவர் மேகநாத் சாகா, செயலர் நி. ச. லாகிரி. சாகா மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. விண்மீன் ஒளியிலிருந்து அதன் வெப்பத்தைப் படிக்க வழிகாட்டிய சமன்பாடு அவருடையது. அந்த 1952லேயே சுயேச்சையாக நின்று மக்களவைக்கும் போனவர். நாட்டில் 30 விதமான நாட்காட்டிகள் இருப்பதாக நேரு எழுதியிருந்தார். குழு 1955ல் அறிக்கை கொடுத்தது. 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்திரம் 1 என்று தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்க்க சாகா இல்லை, 1956 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். கணக்கு என்னவோ சுத்தம். சைத்திரத்துக்கு 30 நாள், லீப் ஆண்டில் 31. அடுத்த ஐந்து மாதம் 31. மீதி எல்லாம் 30. ஆனாலும் அரசிதழையும் வானொலி அறிவிப்பையும் தாண்டி அது வீட்டுக்குள் வரவில்லை. ஏற்கெனவே மக்கள் நாவில் இருந்த மாதப் பெயர்களை எடுத்து வேறு நாட்களில் ஒட்டியதுதான் அடிப்படைத் தவறு என்பேன். நம் சித்திரை ஏப்ரல் 14, அரசின் சைத்திரம் மார்ச் 22. ஒரே பெயருக்கு 23 நாள் இடைவெளி இருந்தால் யார் பயன்படுத்துவார்கள்? சமயப் பண்டிகைகளுக்கும் அயனாம்சத்தை, அதாவது விண்மீன்களை வைத்த ராசித் தொடக்கம் பருவத்தை வைத்த தொடக்கத்திலிருந்து விலகியிருக்கும் அளவை, 23 பாகை 15 கலை (60 கலை ஒரு பாகை) என்று நிறுத்திவிடலாம், பண்டிகைகள் பருவம் மாறி நகராமல் இருக்கும் என்று குழு பரிந்துரைத்தது. பருவத்தைக் காக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் பண்டிகை பருவத்தைப் பின்பற்றுவதா, நட்சத்திரத்தைப் பின்பற்றுவதா என்பது இயற்பியல் கேள்வி கிடையாது.

அதே குழுவால் விளைந்த நல்லது வேறு இடத்தில் இருக்கிறது. கொல்கத்தாவில் வானிலைத் துறையின் கீழ் இயங்கும் மையம் ஆண்டுதோறும் சூரியன், நிலவு, கோள்களின் நிலைகளை வெளியிடுகிறது. தேசியப் பஞ்சாங்கம் தமிழிலும் வருகிறது. வாங்கு என்று யாரையும் அரசு கட்டாயப்படுத்தவில்லை. சரியான எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. எனக்குப் பிடித்த அரசு இதுதான்.

2008ல் தமிழ்நாட்டில் தை 1ஐப் புத்தாண்டாக்கிச் சட்டம் வந்தது, 2011ல் அது ரத்தானது. எந்தக் கட்சி என்பதில் எனக்கு அக்கறை இல்லை. இரண்டு தரப்பும் தங்கள் நாளுக்கு அறிவியலைச் சாட்சிக்கு இழுத்ததுதான் வருத்தம். தை 1ல் சூரியன் வடக்கே திரும்புகிறது என்றார்கள். திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ல். பொங்கல் வருவதற்குள் சூரியன் 2 பாகை வடக்கே வந்திருக்கும். சித்திரை 1ல் பகலும் இரவும் சமம், சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறது என்றார்கள். அது மார்ச் 20, 21. சித்திரை 1 காலை நேர் கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் நின்று பாருங்கள், சூரியன் 9 பாகைக்கு மேல் வடக்கே தள்ளி உதிக்கும். சூரியன் அதே விண்மீனிடம் திரும்பி வரும் விண்மீன் ஆண்டு, பருவங்கள் ஒரு சுற்று முடியும் பருவ ஆண்டைவிட 20 நிமிடம் நீளம். ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாள் நகர்கிறது. கி.பி. 285ஐ ஒட்டி இரண்டின் தொடக்கப் புள்ளிகளும் ஒன்றாக இருந்தன, இன்று 24 பாகை விலகிவிட்டன. தையோ சித்திரையோ, புத்தாண்டு என்பது மக்கள் வழக்கு. அதற்கு வானத்தைச் சாட்சி கூப்பிடத் தேவையே இல்லை.

பிறை விஷயத்தில் நம் மாநிலத்தில் நடப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. தமிழ்நாடு அரசின் தலைமைக் காஜி பிறை தெரிந்த செய்தியை அறிவிக்கிறார். விடுமுறைப் பட்டியலில் முன்கூட்டியே ஒரு தேதி இருக்கும், அறிவிப்பு மாறினால் அரசு விடுமுறையை மாற்றி ஆணையிடும். வானியல் இங்கே என்ன செய்யலாம்? சூரியனுக்கு 7 பாகைக்குள் இருக்கும் நிலவில் பிறையே கண்ணுக்குத் தெரியாது. சூரியனுக்கு முன்பே நிலவு மறைந்துவிட்டால் அன்று பார்த்ததாக வரும் சாட்சி தவறு. இவ்வளவைச் சொல்லலாம். 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் தலைமை நீதிபதி தகியுத்தீன் அஸ்ஸுப்கியே, முடியாது என்று கணக்கு உறுதியாகச் சொல்லும்போது கண்டதாகச் சொல்லும் சாட்சியை ஏற்கக் கூடாது என்றார். கணக்கு பொய்ச் சாட்சியைத் தடுக்கட்டும். நோன்பு எப்போது முடிகிறது என்று அறிவிப்பதைக் காஜியிடம் விட்டுவிடட்டும்.

இதையெல்லாம் வைத்து நான் கேட்பது சிறியது. பஞ்சாங்கம் அச்சிடுகிறவர்கள் முதல் பக்கத்தில் நான்கு வரி போடுங்கள்: வாக்கியமா திருக்கணிதமா, எந்த அயனாம்சம், எந்த ஊர்ச் சூரிய உதயம், நேரம் எந்த நாட்டு மணி. சென்னைக்கும் கோவைக்கும் சூரிய உதயத்தில் தீர்க்கரேகையால் மட்டும் 13 நிமிட வித்தியாசம். உதயத்தில் எந்தத் திதி இருக்கிறது என்பதே ஒரு விரதத்தை முடிவு செய்யும் என்றால் அந்த 13 நிமிடம் விரத நாளையே மாற்றிவிடலாம். வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இது இன்னும் முக்கியம். உதயத்தில் ஏகாதசி இருக்க வேண்டும் என்ற எளிய விதியை மட்டும் வைத்துக்கொள்வோம். சென்னையில் திதி புதன் காலை 9 மணிக்கு முடிந்தால், அதே கணம் குளிர்கால டொராண்டோவில் செவ்வாய் இரவு 10.30. சென்னையில் விரதம் புதன், அங்கே செவ்வாய். சென்னைத் தினசரி நாட்காட்டியைக் கிழித்துப் பார்த்துக்கொண்டு அங்கே புதனன்று பட்டினி இருப்பவருக்கு அன்றைய உதயத்தில் துவாதசிதான் இருக்கும்.