கிராமத்துக்குக் குடிபோகிறவர்கள் அடைக்கோழியை மறந்துவிட வேண்டாம்

நகரத்தை விட்டுக் கிராமத்துப் பக்கம் குடிபோகலாம் என்று முடிவெடுப்பவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது கோழியைப் பற்றித்தான். "என்ன இனம் வாங்கலாம்?" கோழி வளர்க்கிற நாலு பேர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வி விழுந்துவிட்டால் போதும், பேச்சு பொழுதுக்கும் ஓடும். ஒருவர் லெகார்ன் என்பார். இன்னொருவர் ரோட் ஐலண்ட் ரெட்டை விட்டால் வேறு கிடையாது என்பார். ஆஸ்ட்ரலார்ப் பெட்டை ஒன்று 365 நாளில் 364 முட்டை இட்ட சாதனையை மூன்றாமவர் எடுத்துவிடுவார். கடைசியில் எல்லாம் முட்டைக் கணக்கில் வந்து நிற்கும்.

எனக்கு இதில் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. கிராமத்தில் நிலையாகத் தங்கப் போகிறவர் வாங்கும் கோழிகளில் இரண்டு மூன்றாவது அடை உட்கார வேண்டும். முட்டைகளின் மேல் உட்கார்ந்து, சூடு கொடுத்துப் பொரித்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயத் தெரிந்திருக்க வேண்டும். நிறம், முட்டையின் எண்ணிக்கை, கொண்டையின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் எளிது. திறந்த வெளியில் மேயும் கோழிக்கூட்டம் வருடா வருடம் குறையும். பருந்து ஒன்றைத் தூக்கும், கீரியோ நரியோ இரண்டைக் கொண்டுபோகும், பக்கத்து வீட்டு நாய் ஒருநாள் உள்ளே புகுந்துவிடும், நோயில் ஒன்றிரண்டு போகும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது நடக்கும். நகரத்தில் கூண்டுக்குள் நாலு கோழி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. போனால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். கிராமத்தில் குஞ்சு பொரிப்பகம் தொலைவில் இருக்கும், நமக்கு வேண்டிய நேரத்தில் குஞ்சு கிடைக்காது, கிடைத்தாலும் குறைந்தது இத்தனை எடுத்தால்தான் தருவேன் என்பார்கள். போனதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளாத கூட்டம் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடும். ஆசையோடு கூடு கட்டி ஆரம்பித்த பலர் அந்தக் கட்டத்தில்தான் கோழியே வேண்டாம் என்று விடுகிறார்கள். கூடு மட்டும் விறகு போட்டு வைக்கும் இடமாக மிஞ்சுகிறது. இப்படிக் காலியாகக் கிடக்கும் கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

அதிகம் முட்டையிடும் இனங்கள் ஏன் அடை உட்காருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா வளர்ப்புக் கோழிக்கும் முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அது ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். ஓர் ஈடு, அதாவது ஒரு தொகுதி முட்டை, இட்டதும் அடை உட்கார்ந்துவிடும். அடையில் இருக்கும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும், முட்டையிடுவது நின்றுபோகும், பொரித்துக் குஞ்சைப் பிரிக்கும் வரை மறு ஈடு கிடையாது. ஆக, அடை என்பது முட்டைப் பண்ணைக்காரருக்கு நட்டம். அதனால் அடை உட்காராத பெட்டைகளையே பொறுக்கிப் பொறுக்கித் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். லெகார்ன் அந்தப் பொறுக்கலின் உச்சம். ஆண்டுக்கு 280 முட்டை வரை இடும், ஆனால் முட்டையிட்டு விட்டுக் கொக்கரித்துக்கொண்டு எழுந்து போய்விடும். அதன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மனிதன் கேட்டதை அது கொடுக்கிறது.

300 முட்டை இடும் கலப்பினக் கோழிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விற்கிறவர்கள் இதைச் சொல்வதேயில்லை. அந்தக் கோழியின் முட்டையைப் பொரிக்க வைத்தால் வரும் குஞ்சு தாயைப் போல இருக்காது. வேறு வேறு வழியில் வந்த தாய், தகப்பனைச் சேர்த்து முதல் தலைமுறையில் மட்டும் கிடைக்கிற சேர்க்கை அது. அடுத்த தலைமுறையில் ஒன்று ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் வரும். அதாவது ஒவ்வொரு முறையும் திரும்பப் போய் வாங்கித்தான் ஆக வேண்டும். கிராமத்துக்கு வருவதே கொஞ்சம் சொந்தக் காலில் நிற்கத்தான் என்கிற ஒருவருக்கு இது பொருந்துமா?

உடம்பையும் பார்க்க வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் போகிறது. தீவனத்தில் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு செய்யும். ஓடாய்த் தேய்ந்து முட்டையிடும் கோழிகளுக்கு நெஞ்செலும்பு முறிவதும், முட்டைப் பையில் கோளாறு வருவதும் அதிகம். அடை உட்காரும் கோழிக்கு இந்த விஷயத்தில் இயற்கையாகவே ஓய்வு கிடைத்துவிடுகிறது.

சரி, அடைக்கோழி என்றால் எப்படித் தெரியும்? ஒருநாள் காலையில் முட்டைப் பெட்டியை விட்டு எழுந்திருக்காது. கையை நீட்டினால் இறகை எல்லாம் சிலிர்த்து உடம்பை இரண்டு பங்காக்கி, அடித்தொண்டையில் உறுமும், கொத்தும். நெஞ்சுப் பக்கத்து இறகைத் தானே பிடுங்கி இருக்கும்; தோலின் சூடு முட்டையில் நேரடியாகப் பட அது வழி. ஒரு நாளைக்கு ஒரு முறை எழுந்து வந்து அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, அடக்கி வைத்திருந்த எச்சத்தை ஒரே குவியலாகப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். அந்த எச்சத்தின் நாற்றத்தை ஒரு தரம் முகர்ந்தவர் மறக்க மாட்டார். இரவிலும் அதே இடத்தில் இருந்தால் அடை உறுதி. அப்போது நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இருட்டிய பிறகு தனி இடத்துக்கு மாற்றி, ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாத முட்டைகளை எல்லாம் ஒரே நாளில் வைக்க வேண்டும். பொதுப் பெட்டியிலேயே விட்டால் மற்ற கோழிகளும் அங்கே வந்து முட்டையிடும். அப்புறம் எது எந்த நாள் முட்டை என்று தெரியாமல் பாதி பொரித்து, மீதி கூழாகும். பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது.

21 நாள். அந்த 21 நாளும் சூடு, ஈரம், முட்டையைப் புரட்டுவது என்று அது செய்வதைப் பொரிக்கும் கருவியில் நாம் செய்ய வேண்டுமென்றால் வெப்பமானி, ஈரமானி, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு என்று நீளும். கிராமத்தில் மின்சாரத்தை நம்பி முட்டையை வைப்பது எல்லா இடத்திலும் சரிவராது. பொரித்த பிறகு இன்னும் பெரிய வித்தியாசம். கருவியில் பொரித்த குஞ்சுக்கு வாரக்கணக்கில் விளக்குச் சூடு வேண்டும், தண்ணீரில் அலகை முக்கிக் காட்ட வேண்டும், இரவில் எழுந்து பார்க்க வேண்டும். தாய் இருந்தால் இதெல்லாம் அதன் வேலை. எது இரை என்று கொத்திப் போட்டுக் காட்டுகிறது. மேலே பறக்கும் பருந்துக்கு ஒரு குரல், தரையில் வரும் பூனைக்கு வேறு குரல் என்று கோழிக்குத் தனித்தனி எச்சரிக்கை உண்டு. தாயின் குரல் கேட்ட மாத்திரத்தில் புல்லோடு புல்லாகப் பதுங்கும் குஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டால், பெட்டிக்குள் வளர்ந்த குஞ்சைத் திடீரென்று வெளியில் விடுவதில் உள்ள ஆபத்து புரிந்துவிடும். நமக்கு மிஞ்சுவது ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு, அதில் குஞ்சு மூழ்காமல் இருக்க நாலு கூழாங்கல். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்கு வைக்காமல் இருப்பதும் முக்கியம். அதிலுள்ள கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

தாயோடு வளரும் குஞ்சுக்கு ஒரு குறை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பொரிப்பகத்தில் முதல் நாளே, கால்களை முடக்கிவிடும் மேரக்ஸ் நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிடுவார்கள். வீட்டில் பொரிப்பதற்கு அது கிடைப்பது கடினம். வெள்ளைக்கழிச்சலுக்காவது முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு மருந்து விட ஏற்பாடு செய்யுங்கள், கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கழிச்சல் 1920களில் கண்டறியப்பட்ட நோய். இத்தனை காலம் கழித்தும் ஒரே வாரத்தில் கூட்டையே காலி செய்துவிடும். புதிதாக எந்தக் கோழி வாங்கினாலும் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம், கொடுத்தவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும்.

எந்த இனம் என்று கடைசியில் கேட்பீர்கள், சொல்கிறேன். சில்க்கி அடை உட்காருவதில் பெயர் பெற்றது. கல்லை வைத்தாலும் உட்காரும். ஆனால் அதன் இறகு பஞ்சு மாதிரி, ஒன்றோடொன்று கொக்கி போட்டுச் சேராது. மழையில் ஊறிவிடும், பறக்கவும் வராது. கூரையும் வேலியும் உறுதியாக உள்ள இடத்துக்குத்தான் அது சரி. உடம்பும் சின்னது, பெரிய முட்டை அதிகம் வைக்க முடியாது. கொச்சின், பிரம்மா நன்றாக அடை உட்காரும், சாதுவும்கூட. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. ஆனால் இந்தக் கனத்த இனங்களில் முட்டை உடைவதும் குஞ்சு நசுங்குவதும் உண்டு. வெப்பமான இடத்தில் அவ்வளவு இறகைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்கும். ஆர்பிங்டன், சசெக்ஸ் இரண்டும் நடுத்தரமாக முட்டையும் கொடுத்து, அவ்வப்போது அடையும் உட்காரும். குளிர்ந்த ஊர்களுக்கு நல்ல தேர்வு. அசீல் தாயாக அசாத்தியமானது, பருந்தையே எதிர்த்துப் பாயும். முட்டை குறைவு, மற்ற கோழிகளோடு சண்டையும் அதிகம். வெப்பத்தில் பெரிய கொண்டையும் ஒட்டிய இறகும் உதவும், கொண்டை வழியாகத்தான் உடம்பு சூட்டை வெளியேற்றும். கடுங்குளிரில் அதே கொண்டை உறைந்து கறுத்துப்போகும். இனத்தின் பெயரை விட, நீங்கள் போகும் இடத்தில் ஏற்கெனவே வெளியில் மேய்ந்து பிழைத்திருக்கும் கோழிகளைப் பார்ப்பது மேல். அந்த மண்ணில் பல தலைமுறை தாண்டி வந்த பெட்டைக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

இன மோகம் புதிதல்ல. 1849இல் பாஸ்டன் நகரில் நடந்த கோழிக் கண்காட்சிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. ஆசியாவிலிருந்து போன பெரிய கோழிகளைப் பார்த்து அமெரிக்காவும் இங்கிலாந்தும் பித்துப்பிடித்து அலைந்தன, விலை எங்கோ ஏறியது. சில ஆண்டுகளில் அந்த வேகம் வடிந்தது. இப்போதும் நீல முட்டை, கறுப்பு எலும்பு என்று அதே ஓட்டம்தான். அழகுக்காக ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் ரசிப்பேன். முதல் வருடத்தில் மட்டும் வேண்டாம்.

முதல் வருடம் என்றதும் இன்னொன்று. வீடு மாறிய அதே மாதம் கோழி வாங்காதீர்கள். ஒரு மழைக்காலமாவது இருந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இரவில் எது வந்து போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கூட்டை மேட்டில் கட்டுங்கள். ஈரமான தரையில்தான் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். சாதாரண கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது; சின்னக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலை போட்டு, அடியில் ஓர் அடி வெளிப்பக்கமாக மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள். பொழுது சாயும்போது கோழி தானாகக் கூட்டுக்கு வந்துவிடும். கதவை மூடத்தான் ஆள் வேண்டும், எல்லா நாளும். அந்த ஆள் யார், நீங்கள் வெளியூர் போனால் யார் என்று முடிவாகாதவரை கோழியைப் பற்றியே பேச வேண்டாம்.

அடை வைத்தால் பாதிக்குப் பாதி சேவல் வரும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும், அதற்கு மேல் இருந்தால் பெட்டைகளின் முதுகில் இறகு இருக்காது, சேவல்கள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். மீதியை அறுப்பதா, கொடுப்பதா, தனியாக வளர்ப்பதா என்பதைப் பொரிப்பதற்கு முன்னால் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். குழந்தைகள் பெயர் வைத்த பிறகு பேசினால் எல்லோருக்கும் வேதனை.

வயதான கோழி விஷயத்திலும் எனக்கு அடைக்கோழிதான் ஆறுதல். முட்டை இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும், கோழியோ ஏழெட்டு வருடம் வாழக்கூடியது. முட்டைக்காக மட்டும் வைத்திருந்தால் மீதி வருடங்களில் அது சுமையாகத் தெரியும். அடை உட்காரும் பெட்டைக்கு அப்படி இல்லை. வாரத்துக்கு இரண்டே முட்டை இடுகிற கிழக்கோழி, வேறு கோழியின் முட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு பக்குவமாகப் பொரித்து வளர்க்கும். முதல் முறை உட்காரும் இளம் விடைக்கோழி பாதியில் எழுந்து போய்விடலாம், பொரித்த குஞ்சைக் கண்டு மிரண்டு கொத்தவும் செய்யலாம். அனுபவப்பட்டது அப்படிச் செய்யாது.

அதனால் நாலு விடைக்கோழி வாங்கும்போது, ஏற்கெனவே ஒரு தரமாவது பொரித்துக் குஞ்சை வளர்த்துப் பிரித்துவிட்ட தாய்க்கோழி ஒன்றையும் கேளுங்கள். வைத்திருப்பவர் லேசில் தர மாட்டார், கூடுதலாகவும் கேட்பார். கொடுத்து வாங்குங்கள்.