கானா பையனின் ஃபைல்

(இடம்: கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாமில் ஒரு வாடகை வீடு. இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. மருமகன் லேப்டாப்பில் ஃபுட்பால் மேனேஜர் என்ற, கால்பந்து கிளப்பை நடத்தும் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறார். மகள் வீட்டுக்கு விசிட் விசாவில் வந்திருக்கும் மாமனார், தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆபீசுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.)

மாமனார்: என்ன மாப்பிள்ளை, முகம் வாடியிருக்கிறது? வேலையில் ஏதாவது பிரச்சினையா?

மருமகன்: அதெல்லாம் இல்லை மாமா. கானாவில் ஒரு பையனைப் பார்த்து வைத்தேன், 19 வயது. ஒர்க் பெர்மிட் கிடைக்காதாம்.

மாமனார்: உங்கள் கம்பெனிக்கா?

மருமகன்: கேமில் மாமா. நான் லெய்டன் ஓரியன்ட் என்ற லண்டன் கிளப்புக்கு மேனேஜர்.

மாமனார்: (எட்டிப் பார்த்து) விளையாட்டு என்கிறீர்கள், பந்தையே காணோம். பெயர், வயது, சம்பளம், கட்டம் கட்டமாக... இது ரெஜிஸ்தர் ஆயிற்றே! இருங்கள், கண்ணாடியை எடுத்து வருகிறேன்.

மருமகன்: பரவாயில்லை மாமா, நீங்கள் போய்த் தூங்குங்கள்.

மாமனார்: (கண்ணாடியோடு நாற்காலியை இழுத்துப் போட்டு) மறுப்புக்குக் காரணம் காட்டியிருப்பானே, படியுங்கள்.

மருமகன்: மொத்தம் 15 புள்ளி வேண்டும். தேசிய அணிக்கு எத்தனை ஆட்டம் ஆடினான், கிளப்பில் எவ்வளவு நேரம் ஆடினான், அந்த லீக் எந்தத் தரம், கிளப் எத்தனையாவது இடம், இதையெல்லாம் கூட்டிப் பார்ப்பார்கள். லீக்குகளை ஆறு பேண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்பெயின் எல்லாம் முதல் பேண்ட். கானா கடைசி.

மாமனார்: பையனுக்கு எவ்வளவு?

மருமகன்: 4.

மாமனார்: அடப் பாவமே. நீங்கள் இங்கே வரும்போது எவ்வளவு வாங்கினீர்கள்?

மருமகன்: எங்கள் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குக் கணக்கு வேறு மாமா. அதில் 70.

மாமனார்: எழுபதா! (சமையலறைப் பக்கம் திரும்பி) கேட்டாயா அம்மா, மாப்பிள்ளை 70 வாங்கியிருக்கிறார்!

மருமகன்: 70 இருந்தால்தான் விசாவே மாமா. இந்த விசாவில் வந்த எல்லோருக்கும் அந்த 70 உண்டு.

மாமனார்: அதை ஏன் வெளியே சொல்கிறீர்கள்? சரி, மேல்முறையீடு?

மருமகன்: 2021-இல் இந்த விதி வந்தபோது, 10 முதல் 14 புள்ளி வரை இருந்தால் ஒரு குழுவிடம் போய் முறையிடலாம் என்று வைத்திருந்தார்கள்.

மாமனார்: 4-ஐ வைத்துக்கொண்டு அந்தப் படியைக்கூட மிதிக்க முடியாது. விசேஷ ஒதுக்கீடு ஏதாவது? இல்லாமல் இருக்காதே.

மருமகன்: (அசந்துபோய்) எப்படி மாமா கண்டுபிடித்தீர்கள்? 2023-இல் கொண்டு வந்தார்கள். புள்ளி குறைந்தவர்களிலும் சிலரை எடுக்கலாம். பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் கிளப்புக்கு 4 இடம் வரை, மூன்றாம் மட்டமான எங்கள் லீக் ஒன்னுக்கு 2 வரை. உள்ளூர் ஆட்களுக்கு எவ்வளவு நேரம் ஆடக் கொடுக்கிறோமோ, அதைப் பொறுத்து இடம் கூடும், குறையும்.

மாமனார்: அந்த இரண்டில் ஒன்றைக் கொடுங்கள்.

மருமகன்: இரண்டும் போய்விட்டது. ஒன்றில் ஒரு கோல்கீப்பர். வந்த வாரமே முழங்கால் போய்ப் படுத்துவிட்டான்.

மாமனார்: இன்னொன்று?

மருமகன்: அவன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆடத்தான் தெரியவில்லை.

மாமனார்: அவனை யார் சிபாரிசு செய்தது?

மருமகன்: நான்தான்.

மாமனார்: (சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு) சரி, ஐரோப்பாக்காரன் யாரையாவது பாருங்களேன். பக்கத்து நாடுதானே?

மருமகன்: அது அந்தக் காலம். 1995-இல் போஸ்மன் என்ற ஆட்டக்காரர் வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு ஐரோப்பிய யூனியன் பாஸ்போர்ட் இருந்தால் போதும், நேராக வந்து ஆடலாம். பிரெக்ஸிட் முடிந்து 2021 ஜனவரியிலிருந்து ஜெர்மனிக்காரனும் புள்ளி காட்ட வேண்டும். இந்தக் கேமில் பிரெக்ஸிட்டை 2016-லேயே வைத்துவிட்டார்கள் மாமா. பிரெக்ஸிட் எப்படி முடியும் என்று அரசாங்கத்துக்கே தெரியாத நேரம். சில ஆட்டத்தில் விதி லேசாக மாறும், சிலதில் கழுத்தைப் பிடிக்கும்.

மாமனார்: யாருக்குமே விலக்கு இல்லையா?

மருமகன்: அயர்லாந்துக்காரருக்கு உண்டு. அவர்களுக்கு பெர்மிட்டே வேண்டாம்.

மாமனார்: அங்கே குடியுரிமை எப்படி?

மருமகன்: பாட்டியோ தாத்தாவோ அயர்லாந்தில் பிறந்திருந்தால்கூட வாங்கலாம்.

மாமனார்: அப்படியானால் அந்தக் கானா பையனின் பாட்டி...

மருமகன்: மாமா!

மாமனார்: கேட்பதில் என்ன? வம்சாவளிச் சான்று எத்தனை பார்த்திருக்கிறேன். பாட்டிகளை நம்பவே முடியாது.

மருமகன்: ஒரு வழி இருக்கிறது. பையனை வாங்கி, பெர்மிட் தொல்லை இல்லாத நாட்டுக்குக் கடனாக அனுப்புவது. டோங் ஃபாங்ஜுவோ என்று ஒரு சீனர், 2004-இல் மான்செஸ்டர் யுனைடெட் எடுத்தது. பெர்மிட் இல்லை. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் கிளப்பில் விட்டுவைத்தார்கள். 2006 கடைசியில்தான் கிடைத்தது. ஜப்பான்காரர் மிட்டோமாவை 2021-இல் பிரைட்டன் வாங்கியது. அவரும் ஒரு சீசன் பெல்ஜியத்தில் ஆடிவிட்டுத்தான் வந்தார்.

மாமனார்: இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! கல்யாணமான புதிதில் என்னை ராமநாதபுரத்தில் போட்டார்கள். வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் மனு மேல் மனு போட்டேன். பெல்ஜியத்துக்கு அனுப்புங்கள்.

மருமகன்: இரண்டு வருடம் சம்பளம் நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும். கிளப்பில் காசு இல்லை. அர்செனல் 2011-இல் கோஸ்டா ரிகாவின் ஜோயல் கேம்பெலை வாங்கிவிட்டு, பெர்மிட் இல்லாமல் பிரான்ஸ், ஸ்பெயின் என்று சுற்ற விட்டது. அவர்களிடம் பணம் இருந்தது.

மாமனார்: நம் ஊர்க்காரர் யாரும் இங்கே முயற்சி செய்யவில்லையா?

மருமகன்: சுனில் சேத்ரியை 2009-இல் இதே லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. பெர்மிட் மறுத்துவிட்டார்கள். ஃபிஃபா பட்டியலில் நாடு முதல் 70-க்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இந்தியா இல்லை.

மாமனார்: ஆடப் போவது அவர். மார்க் பார்ப்பது நாட்டுக்கா? (கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு) எனக்கே ஜி.ஓ. எழுதத் தோன்றுகிறது.

மருமகன்: விடுங்கள் மாமா. மணி பதினொன்று ஆகிறது.

மாமனார்: ஒரே ஒரு சந்தேகம். ஆடுகிறவனுக்கு இவ்வளவு கேட்கிறார்களே, வெளிநாட்டு மேனேஜருக்குக் கேட்க மாட்டார்களா?

மருமகன்: நிஜத்தில் கேட்பார்கள். பெரிய லீக்குகளில் சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் மேனேஜராக இருந்திருக்க வேண்டும், அந்த மாதிரி.

மாமனார்: இந்தக் கேமில் நீங்கள் எந்த நாட்டுக்காரர்?

மருமகன்: இந்தியா என்றுதான் போட்டேன்.

மாமனார்: முன் அனுபவம்?

மருமகன்: ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் ஆடுகிறவன் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை டிக் செய்தேன்.

மாமனார்: உங்களுக்கு எத்தனை புள்ளி?

மருமகன்: கேமில் மேனேஜரைக் கேட்பதில்லை மாமா.

மாமனார்: (குரலைத் தாழ்த்தி) அந்தப் பையனாவது 4 வைத்திருக்கிறான். உங்கள் ஃபைலே காலி. இதற்கு மேல் எந்தக் காகிதத்திலும் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குக் கீழே அசிஸ்டென்ட் யாரும் இல்லையா?

மருமகன்: இருக்கிறார், வேல்ஸ்காரர்.

மாமனார்: பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தானே?

மருமகன்: ஆமாம்.

மாமனார்: அவர் பேரில் மனுவைப் போடுங்கள். ஆட்சேபணை வந்தால் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.