அளந்த எடையா, சொன்ன எடையா?

உடல் பருமன் கண்காணிப்புக்கு மருத்துவமனைப் பதிவேடுகளே போதும் என்கிறது ஒரு கட்டுரை. போதாது. அங்கே இருப்பது நோயென்று வந்தவர்களின் எடை மட்டும்தான். உயரம் பல பதிவுகளில் காலியாகவே கிடக்கும்.

எந்தத் தரவை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, எடையும் உயரமும் அளக்கப்பட்டவையா, கேட்டு எழுதப்பட்டவையா என்பதைத்தான். உண்மையில் 163 செ.மீ., 80 கிலோ உள்ளவரின் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 30.1. பெரியவர்களுக்கு 30-ஐத் தொட்டால் பருமன். அவரே 165 செ.மீ., 78 கிலோ என்று சொன்னால் 28.7. பருமன் கணக்கிலிருந்தே ஆள் காணாமல் போய்விடுவார்! அமெரிக்காவில் என்ஹேன்ஸ் (NHANES) என்ற தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வு நேரில் அளக்கிறது; பிஆர்எஃப்எஸ்எஸ் (BRFSS) என்ற உடல்நலப் பழக்கங்கள் பற்றிய ஆய்வு தொலைபேசியில் கேட்கிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கோர்க்காதீர்கள். பிஆர்எஃப்எஸ்எஸ்ஸில் 2011-இல் கைபேசி எண்களும் சேர்ந்து, பதில்களுக்குப் புள்ளியியல் எடை (மக்கள்தொகையைப் பிரதிபலிக்கத் தரும் மதிப்பு) கொடுக்கும் முறையும் மாறியது. அதற்கு முந்தைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிடுவதும் தவறு.

பல நாடுகளுக்கு டிஎச்எஸ் (DHS) என்ற மக்கள்தொகை, உடல்நல வீட்டு ஆய்வின் தரவுக் கோப்புகள் கிடைக்கும், விண்ணப்பித்துப் பெற வேண்டும். அதில் பிஎம்ஐ 23.45 என்பது 2345 என்றே பதிவாகியிருக்கும். 100-ஆல் வகுக்க மறந்தால் சராசரி ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். செல்லாத மதிப்பைக் குறிக்கும் 9998 போன்ற குறியீடுகளை நீக்குங்கள். கர்ப்பிணிகளையும், கடந்த இரண்டு மாதங்களுக்குள் பிரசவித்தவர்களையும் விலக்குங்கள். அதில் வரும் பெண்கள் பெரும்பாலும் 15–49 வயதினர்தான், முதியவர்கள் கிடையாது. அந்த இடைவெளிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் (STEPS) என்ற, தொற்றாநோய் அபாயக் காரணிகள் பற்றிய ஆய்வைப் பாருங்கள்; இடுப்புச் சுற்றளவும் அதில் உண்டு.

குழந்தைகளுக்கு 30 என்ற எல்லை செல்லாது. 5–19 வயதுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அளவுகோலில் அந்த வயதின் நடு அளவிலிருந்து +2 திட்டவிலக்கத்தை (பரவலை அளக்கும் புள்ளியியல் அலகு) தாண்டினால் பருமன். ஐந்து வயதுக்குள் அது +3.