மூன்று பிழை விட்டால் பெயில் என்பது உண்மையில்லை

"கனடாவின் ஒன்ராறியோ மாகாண உயர்நிலைப் பள்ளி எழுத்தறிவுத் தேர்வில் மூன்று எழுத்துப்பிழை விட்டாலே பிள்ளை பெயில்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அப்படியொரு விதியே கிடையாது.

இந்தத் தேர்வில் பிள்ளை எழுதும் நீண்ட கட்டுரைக்கு இரண்டு மதிப்பீடுகள் தனித்தனியாக நடக்கும். தலைப்பை வளர்த்த விதத்துக்கு 10 முதல் 60 வரை. இலக்கணம், எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறிகளுக்கு 10 முதல் 40 வரை. பிழைகளை எண்ணிக் கழிப்பதில்லை. அவை வாசிப்பவரை எவ்வளவு இடறவைக்கின்றன என்றுதான் பார்க்கிறார்கள். ஆங்கிலம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ எழுதினால் புள்ளியில் அடி விழும்.

வாசிப்புப் பகுதியின் எழுத்து விடைகளில் கவனம் வேறு. உதாரணமாக, பத்தியில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி "அவள் துணிச்சலானவள்" என்று மட்டும் எழுதினால் போதாது. பத்தியில் அவள் செய்த எந்தக் காரியத்தை வைத்துச் சொல்கிறோம், அது எப்படித் துணிச்சலாகும் என்பதும் வரவேண்டும். நம் பிள்ளைகள் பலர் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். ஸ்பெல்லிங் பட்டியலை மனப்பாடம் செய்து இது வராது.

தேர்வு முழுவதற்குமான மொத்த அளவீட்டில் 300 எடுத்தால் தேர்ச்சி. தவறினால் மறுபடி எழுதலாம்; அதற்கீடான பாடநெறியும் உண்டு. டியூஷனுக்குக் காசு கொடுக்குமுன் இந்தத் தேர்வை நடத்தும் ஈ.கியூ.ஏ.ஓ. (EQAO) அமைப்பின் தளத்தில் இலவசமாக இருக்கும் மாதிரித் தேர்வைச் செய்யவிடுங்கள்.